முகாம் கட்டுமானம் மாறிவிட்டது: குளுவாங் சிறு குத்தகையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

குளுவாங்கில் இருப்பவர்களுக்கு இராணுவம் புதிதல்ல. மக்கோத்தா முகாம் ஊரை ஒட்டியே இருக்கிறது. தரைப்படையின் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரெங்கம், பாலோ, நியோர், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளியே வந்த குடும்பங்களில் வயரிங், தண்ணீர்க் குழாய், கூரை, பெயிண்ட் என்று கட்டுமான வேலைக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர். கைத்தொழில் சுத்தமாகத் தெரிந்தவர்கள். ஆனாலும் முகாமுக்குள் கட்டடம் எழும்பும்போது அவர்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கை சப்-குத்தகைதான். மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிச்சம் இருக்கிற கூலி.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, நேரம். தளம் திறந்து, வேலி போட்டு, லாரி போகத் தொடங்கிய பிறகுதான் நாம் போய் வேலை கேட்கிறோம். இன்றைய இராணுவக் கட்டுமானத்தில் அதற்குள் முக்கியமான முடிவுகள் எல்லாம் எடுத்து முடிந்திருக்கும். சுவர் எந்த ஆலையில் வார்க்கப்படும், குழாய் எந்த இடத்தில் சுவரைத் துளைக்கும், எந்தச் சப்-குத்தகையாளர் உள்ளே வரலாம் என்பதெல்லாம் வரைபடக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே புதிதாக வருபவர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மாறியது என்ன

மலேசியாவில் முகாம், படைவீரர் குடியிருப்பு, கிடங்கு போன்றவற்றைக் கட்டும் பொறுப்பு தற்காப்பு அமைச்சுடையது. அதன் மேம்பாட்டுப் பிரிவு திட்டத்தை முன்வைக்கும். பல திட்டங்களைப் பொதுப்பணித் துறை, அதாவது நாம் சொல்லும் ஜே.கே.ஆர்., தன் பாதுகாப்புப் பணிகள் கிளை வழியாக நடத்தும். பழைய முறையில் ஜே.கே.ஆரோ ஆலோசக நிறுவனமோ முழு வரைபடத்தையும் முடிக்கும், பிறகு டெண்டர், பிறகு கட்டுமானம். வரைந்தவரும் கட்டுபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். வடிவமைத்துக் கட்டும் முறையில் இரண்டு பொறுப்பும் ஒரே குத்தகையாளரிடம் போகிறது. இந்த இரண்டு முறைக்கும் அரசாங்கத்திடம் தனித்தனி ஒப்பந்தப் படிவங்கள் உண்டு. அளவைப் பட்டியலோடு வரும் வழக்கமான ஒப்பந்தம் 203ஏ. வடிவமைத்துக் கட்டுவதற்கு டி.பி. படிவம். எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். டி.பி. என்றால் வரைபடம் இன்னும் முடியாமல் இருக்கலாம். உங்கள் யோசனைக்கு இடம் இருக்கிறது. 203ஏ என்றால் வரைபடம் முடிந்துவிட்டது, விலைதான் பேச்சு.

அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக முகாம் கட்டித்தரச் சொல்லும் நில மாற்று முறையும் நடந்தது. அப்படிப்பட்ட 16 திட்டங்களை 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு முன்னாள் தலைமைக் கணக்காய்வாளர் அம்ப்ரின் புவாங் தலைமையிலான குழு ஆராய்ந்தது. சிறு குத்தகையாளர் பார்வையில் சொல்கிறேன்: டெண்டர் அறிவிப்பே இல்லாமல் வேலை கைமாறும் முறையில் நமக்கு ஒருபோதும் வாசல் திறக்காது. திறந்த டெண்டர் எவ்வளவு படிவம் கேட்டாலும் அதுதான் நமக்கு நல்லது.

அடுத்தது ஐ.பி.எஸ். ஆலையில் பாகங்களைத் தயாரித்துத் தளத்தில் பொருத்தும் முறை. 1 கோடி வெள்ளிக்கும் அதற்கு மேலும் உள்ள அரசாங்கத் திட்டங்கள் குறைந்தது 70 ஐ.பி.எஸ். புள்ளி எடுக்க வேண்டும் என்று 2008-இலேயே நிதியமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. 100 புள்ளியில் 50 கட்டமைப்புக்கு, 20 சுவருக்கு, மீதி 30 மற்ற எளிமையாக்கப்பட்ட முறைகளுக்கு.

படைவீரர் குடியிருப்பு இந்த முறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே அளவு அறை, ஒரே அளவு குளியலறை, மாடிக்கு மாடி அதே அமைப்பு. ஒரு அச்சை நூறு தடவை பயன்படுத்தலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இராணுவத்துக்கே உரியது: ஆலையில் அதிகம் செய்தால் முகாமுக்குள் வெளி ஆட்கள் குறைவாக, குறைந்த நாட்களுக்கு இருந்தால் போதும்.

மூன்றாவது பி.ஐ.எம். கட்டடத்தின் ஒவ்வொரு தூணும் குழாயும் கம்பியும் கணினியில் முப்பரிமாண மாதிரியாக முதலில் எழும்புகிறது. 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களுக்கு 2019 முதல் இது கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. இப்போது அதைவிடச் சிறிய வேலைகளிலும் கேட்கிறார்கள். டெண்டர் ஆவணத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

வெளிநாடுகளில் இது இன்னும் வேகமாகப் போகிறது. 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி அமெரிக்காவின் டிண்டல் விமானப்படைத் தளத்தை நொறுக்கியது. அதைத் திரும்பக் கட்டும்போது முழுத் தளத்துக்கும் கணினி இரட்டை ஒன்றை, அதாவது அசலைப் போலவே இயங்கும் கணினி மாதிரியை, உருவாக்கி, கட்டுவதற்கு முன்பே அதில் வெள்ளத்தையும் காற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். டெக்சஸில் உள்ள ஸ்விஃப்ட் முகாமில் 2021-இல் 3,800 சதுர அடிப் படைக்கொட்டகை ஒன்றைக் கான்கிரீட் அச்சு இயந்திரத்தால் எழுப்பினார்கள். 72 பேர் தங்கலாம். இங்கே நாளைக்கே அது வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உளியும் சுத்தியலும் செய்த வேலையை முன்கூட்டிய திட்டமிடல் எடுத்துக்கொள்கிறது என்ற போக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

முதல் படி: பதிவுகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரிய அலுவலகத்திலேயே எல்லாம் சொல்வார்கள். தனி ஆளாக நீங்கள் எடுக்க வேண்டியது பச்சை அட்டை. ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு. அது இல்லாமல் எந்தத் தளத்திலும் கால் வைக்க முடியாது. நிறுவனமாக எடுக்க வேண்டியது குத்தகையாளர் பதிவு. ஜி1 என்றால் 2 லட்சம் வெள்ளி வரை, ஜி2 5 லட்சம், ஜி3 10 லட்சம், ஜி4 30 லட்சம், ஜி5 50 லட்சம், ஜி6 1 கோடி, ஜி7க்கு வரம்பில்லை. பதிவு செய்யும்போது கட்டடம், சிவில், இயந்திர-மின்சாரம் என்ற பிரிவுகளில் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் சிறப்புத் துறையைச் சரியாகக் குறிப்பிடுங்கள். வயரிங் ஆள் 'கட்டடம்' என்று மட்டும் எடுத்துவிட்டு, பிறகு மின்வேலை டெண்டருக்குப் போக முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறேன்.

அரசாங்க வேலைக்கு எஸ்.பி.கே.கே. என்ற சான்றிதழும் வேண்டும். சில வேலைகள் பூமிபுத்ரா தகுதிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆவணம் வாங்கப் பணம் கட்டும் முன் அறிவிப்பில் அந்த வரியைப் பாருங்கள். அங்கே நேரடியாகப் போக முடியாவிட்டாலும், அந்த வேலையை எடுத்தவரிடம் நல்ல சப்-குத்தகையாளராகப் போகத் தடை எதுவும் இல்லை.

இ.பி.எஃப்., சொக்சோ கட்டிய ரசீது, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை இவற்றை மாதாமாதம் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். முதன்மைக் குத்தகையாளர் கேட்கும்போது அன்றைக்கே கொடுக்கிறவருக்குத்தான் வேலை போகிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருந்தால், 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து, பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். உங்கள் குழுவில் உள்ள ஒருவரையே அனுப்பிப் படிக்க வைக்கலாம்.

இரண்டாம் படி: ஆலைக்குப் பொருந்தும் தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

செங்கல் அடுக்குவதும் பூச்சு பூசுவதும் ஐ.பி.எஸ். வளர வளரக் குறையும். குறையாத வேலைகள் எவை? ஆலையில் வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்புப் பலகைகளை நிறுத்திப் பொருத்துவது, இணைப்புகளில் கிரவுட் என்ற சிமெண்டுக் கலவையை ஊற்றுவது, இடுக்குகளில் நீர்க்கசிவு தடுப்பது, இரும்புக் கூரைச் சட்டம் ஏற்றுவது, உலர்சுவர், மின்சாரமும் குழாயும். இவற்றில் இணைப்பும் நீர்க்கசிவுத் தடுப்பும்தான் என் கண்ணுக்கு மிக நல்ல வாய்ப்பு. முன்வார்ப்புக் கட்டடத்தில் வரும் புகார்களில் முக்கியமானது பலகைகளுக்கு இடையே ஒழுகுவது. குளுவாங் மழையில் அதை மறைக்கவே முடியாது. அந்த வேலையைப் பொறுமையாக, உற்பத்தியாளர் சொன்ன முறையிலேயே செய்து, ஒவ்வொரு இணைப்புக்கும் தேதியோடு பதிவு வைக்கும் ஒரு சிறு குழுவை எந்த முதன்மைக் குத்தகையாளரும் கைவிடமாட்டார்.

படிக்க இடம் தூரமில்லை. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பத்து பகாட்டில் அட்டெக் என்ற உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்து, 'படிப்பு வரலை' என்று பேக்டரி ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், திறன் சான்றிதழ் வழியைப் பெற்றோர் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். கைவேலை தெரிந்த பிள்ளைக்கு வரைபடம் படிக்கவும் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அவன் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பி.ஐ.எம். மாதிரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒரு குளியலறைச் சுவரை எடுத்துக்கொள்வோம். பழைய செங்கல் சுவரில் கழிவுக் குழாய் போக இடம் இல்லையென்றால் குழாய்க்காரர் உளியை எடுத்தார், தட்டினார், குழாயைச் செருகினார், மேசன் பூசி மூடினார். அரை நாள் வேலை. அதே சுவர் இப்போது முன்வார்ப்புப் பலகையாக வருகிறது. குழாய் போகும் துளைக்கான உறை அச்சுக்குள் வைக்கப்பட்டு, கான்கிரீட்டோடு சேர்ந்தே வார்க்கப்படும். அந்த உறை 100 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், தளத்தில் சரி செய்வது எளிதல்ல. துளையிடும் இடத்தில் கம்பி இருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் அனுமதி தராமல் யாரும் தொடக்கூடாது. பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்ட பட்டையைப் போலத்தான், மேலே பூசி மறைத்தாலும் காயம் உள்ளே இருக்கும். அதுவும் ஒரு பலகையில் தவறு என்றால் அதே அச்சில் வார்த்த அத்தனை பலகையிலும் அதே தவறு.

தளத்தில் இன்றும் இப்படி ஒரு பேச்சு கேட்கும்:

"அண்ணே, இந்தப் பலகையில கொஞ்சம் உடைச்சு விட்டுட்டா போதும், பைப் போயிடும்."

"தம்பி, உளியைக் கீழ வை. மாதிரியில பார்த்தியா? அதுல எங்க காட்டியிருக்கு?"

இரண்டாவது ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அதற்குப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. மாதிரியை உருவாக்கும் மென்பொருள் விலை அதிகம். பார்க்க மட்டும் உதவும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிம்விஷன் (BIMvision) அப்படிப்பட்ட ஒன்று. ஐ.எஃப்.சி. என்பது பல நிறுவனங்களின் மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய பொதுவான கோப்பு வகை. பயிற்சிக்கு இணையத்தில் மாதிரிக் கட்டடங்களின் ஐ.எஃப்.சி. கோப்புகள் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினி போதும். ஒரு கட்டடத்தைத் திறந்து, மாடியை மறைத்து, குழாய்களை மட்டும் காட்டச் செய்து, ஒவ்வொரு துளைக்கும் உயரத்தை அளந்து தாளில் எழுதிப் பழகுங்கள். பிறகு உத்திரமும் குழாயும் மோதும் இடங்களை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதன் பயன் எங்கே தெரியும் என்றால், பலகை வார்க்கும் முன் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில். 'இந்த உயரத்தில் போனால் கழிவு நீருக்குச் சாய்வு கிடைக்காது' என்று அங்கே சொல்கிற குழாய்க்காரரின் பெயரை முதன்மைக் குத்தகையாளர் மறக்கமாட்டார். அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும்படி நீங்களாகவே கேளுங்கள்.

நான்காம் படி: முகாமின் வேலியை மதியுங்கள்

முகாம்கள் 1959-ஆம் ஆண்டின் தடைசெய்யப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் இடங்கள். வரைபடங்களோ 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். நம் ஆட்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குக் கவலை உண்டு. வேலை முன்னேற்றத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் புலனக் குழுவில் போடுவது மற்றத் தளங்களில் தினசரிப் பழக்கம். முகாமில் அந்த ஒரு படம் உங்கள் முழுக் குழுவையும் வெளியே அனுப்பிவிடும், வழக்கிலும் கொண்டுபோய் நிறுத்தலாம். யார் படமெடுக்கலாம், எந்தக் கருவியில், எங்கே சேமிக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதிரிக் கோப்பை வீட்டுக் கணினிக்கோ சொந்த மேகச் சேமிப்புக்கோ கொண்டுபோகவே கூடாது. பி.ஐ.எம். என்பது பகிர்ந்தால்தான் பயன்படும். முகாம் என்பது பகிராமல் இருந்தால்தான் பாதுகாப்பு. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதற்கென்றே, பி.ஐ.எம். தகவலுக்கான அனைத்துலகத் தரநெறியான ஐ.எஸ்.ஓ. 19650-இன் ஐந்தாம் பகுதி 2020-இல் வெளியானது. பெரிய நிறுவனங்களோடு பேசும்போது அதன் பெயராவது தெரிந்திருக்கட்டும்.

ஆட்களின் பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் எடுக்கும். தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்தின் இணையவழிச் சோதனைக்கோ முகாமின் சொந்த அனுமதிச் சீட்டுக்கோ விண்ணப்பிக்க நேரலாம். அடையாள அட்டை முகவரி பழைய தோட்டத்து லயன் வீட்டிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பி விலை போட்டுவிட்டு, அனுமதி கிடைக்காமல் திண்டாட வேண்டாம். விலை போடும் முன்பே கேளுங்கள். உங்கள் குழுவில் எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள் என்றால் இந்த இடத்தில் அது பெரிய பலம். அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வேலையைத் தேடுவதும் விலை போடுவதும்

அரசாங்க டெண்டர் அறிவிப்புகள் நிதியமைச்சின் மைபுரோக்கியூர்மென்ட் இணையத்தளத்திலும், ஜே.கே.ஆர். இணையத்தளத்திலும் வரும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பாருங்கள். தள விளக்கக் கூட்டம் கட்டாயம் என்று போட்டிருந்தால், சான்றிதழில் பெயர் உள்ளவரே, மூலச் சான்றிதழோடு போக வேண்டும். மச்சானை அனுப்பினால் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். பெரிய வேலைகளில் யார் வென்றார்கள் என்பதும் வெளியாகும். வென்ற நிறுவனத்துக்கு அந்த வாரமே கடிதம் எழுதுங்கள், தளம் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். அதைவிட நல்லது, டெண்டர் ஓடும்போதே விலை கேட்கும் நிறுவனங்களுக்கு உங்கள் துறையின் விலையைக் கொடுத்துவிடுவது.

விலையில் நாம் விடும் செலவுகள் பெரும்பாலும் முகாமுக்கே உரியவை. வாசலில் லாரிச் சோதனைக்கு நிற்கும் நேரம், அனுமதி வராத நாட்கள், பயிற்சியோ அணிவகுப்போ நடக்கும்போது நிறுத்தப்படும் வேலை. ஐ.பி.எஸ். தளத்தில் கிரேன் ஒன்றுதான் எல்லாரையும் ஓட்டுகிறது. உங்கள் முறை வரும்வரை ஆட்கள் சும்மா நிற்பார்கள், கூலி ஓடும். இதையெல்லாம் தனி வரியாகக் காட்டுங்கள். 5 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு சி.ஐ.டி.பி. வரி 0.125 விழுக்காடு உண்டு. 8 லட்சம் வெள்ளி வேலைக்கு 1,000 வெள்ளி. தொகை சிறியதுதான், ஆனால் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பிறகு தகராறு.

கமிஷன் கேட்டு யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2020 ஜூன் முதல் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு அமலில் இருக்கிறது. ஊழியர் கொடுத்த லஞ்சத்துக்கு நிறுவனமே குற்றவாளி ஆகலாம்.

ஆறாம் படி: பணம் கைக்கு வரும் வரை

நல்ல வேலை செய்த நம் ஆட்கள் பலர் விழுந்தது இங்கேதான். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பார்கள், 'மேலிருந்து பணம் வந்ததும் தருகிறோம்' என்பதை நம்பி மாதக்கணக்கில் கூலி கொடுப்பார்கள், கடைசியில் நகையை அடகு வைப்பார்கள்.

2012-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டுமானப் பணப்பட்டுவாடா, தீர்ப்பளிப்புச் சட்டம், சுருக்கமாக சிப்பா, இதற்காகவே வந்தது. 'எனக்குக் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்' என்ற நிபந்தனை அதன் 35-ஆம் பிரிவின்படி செல்லாது. பணம் கேட்டு முறைப்படி கோரிக்கைக் கடிதம் கொடுத்தால் எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களில் பதில் சொல்ல வேண்டும். தீராவிட்டால் ஆசிய அனைத்துலகத் தீர்ப்பாய மையத்தில் தீர்ப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். ஆனால் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே ஒரு பக்கமானாலும் சரி: வேலை என்ன, விலை என்ன, எந்தத் தேதியில் கணக்குப் போடுவது, எத்தனை நாளில் பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

முகாம் வேலையில் கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு விலக்கு ஆணை, தேசியப் பாதுகாப்புத் தொடர்பான அரசாங்க ஒப்பந்தங்களைச் சிப்பாவிலிருந்து விலக்குகிறது. இராணுவ முகாம்களும் தளங்களும் அதில் பெயரோடு வருகின்றன. அந்த விலக்கு அரசாங்கத்தோடு செய்யும் ஒப்பந்தத்தைப் பற்றியது. நீங்கள் ஒரு தனியார் நிறுவனத்தோடு சப்-குத்தகை செய்திருந்தால் உங்கள் நிலை வேறு. 'முகாம் வேலைக்குச் சிப்பா கிடையாது' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாமல், ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கட்டுமான வழக்கு பார்க்கும் வழக்கறிஞரிடம் போங்கள்.

குறைபாடு வந்தால் திருத்துவதற்காக உங்கள் பணத்தில் பிடித்து வைக்கும் பிடித்தத் தொகையையும் கணக்கில் வையுங்கள். 2 லட்சம் வெள்ளி சப்-குத்தகையில், நீங்கள் பணம் கேட்டுப் போடும் ஒவ்வொரு கணக்கிலும் 10 விழுக்காடு பிடித்து, மொத்தம் 5 விழுக்காடு வரை வைத்துக்கொள்வது வழக்கம் என்று கொள்வோம். முதல் கணக்கு 30,000 என்றால் கையில் வருவது 27,000. மொத்தப் பிடித்தம் 10,000 வெள்ளியாகும்போது நின்றுவிடும். வேலை முடிந்த சான்றிதழ் வந்ததும் அதில் பாதி 5,000, குறைபாடு திருத்தும் காலம் முடிந்ததும் மீதி 5,000. அந்த இரண்டாவது 5,000 வெள்ளியைத்தான் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். குறைபாட்டுக் காலம் முடியும் தேதியை முதல் நாளே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன் தளத்துக்கு அனுமதி கேட்டு உங்கள் இணைப்புகளைப் போய்ப் பாருங்கள், ஒழுகுவதைச் சரிசெய்யுங்கள், சரிசெய்ததற்கு முகாம் தரப்பின் கையெழுத்தை வாங்கி, அந்தத் தாளின் நகலோடு பணத்துக்கான கடிதத்தை அனுப்புங்கள்.